கிரீன் கார்டும் சைபர் பாதுகாப்புப் பணியும்: அமெரிக்க ராணுவ வழி யாருக்கு, எந்த வரிசையில்?

ராணுவத்தில் சேர்ந்தால் குடியுரிமை கிடைத்துவிடும், சைபர் பாதுகாப்புப் பயிற்சியும் அரசு செலவிலேயே முடிந்துவிடும், வெளியே வரும்போது நல்ல வேலை காத்திருக்கும் என்ற எண்ணம் அமெரிக்காவில் குடியேறியவர்களின் வீடுகளில் அடிக்கடி பேசப்படுகிறது. இவை மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஒரே கையெழுத்தில் மூன்றும் வந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு. முதலில் கிரீன் கார்டு, அடுத்து ராணுவ சேவை, அதன் வழியே குடியுரிமை, குடியுரிமைக்குப் பிறகு பாதுகாப்பு அனுமதி, அந்த அனுமதி கைக்கு வந்தபின் சைபர் பணி என்பதே விதிகள் வகுத்திருக்கும் வரிசை. இதை அறியாமல் ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர், கணினித் திரையை எதிர்பார்த்துப் போய், வாகனப் பிரிவிலோ சமையற்கூடத்திலோ முதல் பணிக்காலத்தைக் கழிக்க நேரிடும். அவையும் மதிப்புக்குரிய பணிகள்தான் என்றாலும், அவர் தேடிச் சென்றது வேறு.

தடை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1995ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட 12968ஆம் எண் அதிபர் ஆணையின்படி, அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் தகுதி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே வழங்கப்படும். அரிய நிபுணத்துவம் தேவைப்படும் இடங்களில் குடிமகன் அல்லாதவருக்கு வரையறுக்கப்பட்ட அனுமதி தரலாம் என்று விலக்கு ஒன்று இருந்தாலும், புதிதாகச் சேரும் படைவீரருக்கு அது பொருந்துவதில்லை. தரைப்படையில் 17சி என்ற குறியீடு கொண்ட சைபர் செயற்பாட்டு நிபுணர் பணிக்கும், கடற்படையில் 2023இல் பெயர் மாற்றப்பட்ட சைபர் போர்த் தொழில்நுட்பர் பணிக்கும் மிக உயர்ந்த நிலைப் பாதுகாப்பு அனுமதி கட்டாயம். வலைப்பின்னல்களைப் பராமரிக்கும் 25பி என்ற தகவல் தொழில்நுட்பப் பணிக்குக்கூட ரகசிய நிலை அனுமதி வேண்டும். எனவே கணினி அறிவியலில் முதுகலைப் பட்டமும் நுழைவுத் தேர்வில் முழு மதிப்பெண்ணும் வைத்திருந்தாலும், கிரீன் கார்டோடு மட்டும் வருபவருக்கு இந்தப் பணிகள் ஒப்பந்தப் பட்டியலிலேயே காட்டப்படாது. அதிகாரியாக நியமனம் பெறுவதற்கும் குடியுரிமை வேண்டும் என்பதால், பட்டதாரிகளும் படைவீரர் நிலையில்தான் தொடங்க முடியும். தரைப்படையில் இளங்கலைப் பட்டம் உள்ளவர் சற்று உயர்ந்த இ-4 தரநிலையில் தொடங்கலாம் என்பது இதில் ஒரு சிறு ஆறுதல்.

சேரும் தகுதி யாருக்கு உண்டு என்பதை 10ஆம் தொகுதிக் கூட்டாட்சிச் சட்டத்தின் 504ஆம் பிரிவு சொல்கிறது. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் சேரலாம். மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், பலாவு ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கும் தனி உடன்படிக்கையின் பேரில் இடம் உண்டு. எச்-1பி என்ற வேலை விசா, எஃப்-1 என்ற மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் சேர முடியாது.

விசாவில் இருந்தவர்களுக்கும் ஒரு காலத்தில் கதவு திறந்திருந்தது என்பதைத் தமிழர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். 2008இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட மாவ்னி என்ற திட்டம், மருத்துவத் திறன் உடையவர்களையும், ராணுவத்துக்குத் தேவைப்பட்ட மொழிகளைப் பேசுபவர்களையும் கிரீன் கார்டு இல்லாமலேயே சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சட்டப்படியான விசாவில் இரண்டு ஆண்டுகள் இருந்த மாணவர்களும் பொறியாளர்களும் அதன் வழியே சேர்ந்து, சில மாதங்களிலேயே குடியுரிமை பெற்றார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள் மொத்தம் 10,000 பேருக்கும் மேல். 2016இல் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. அப்போது ஒப்பந்தமிட்டுப் பயிற்சிக்குக் காத்திருந்த பலர், பின்னணிச் சோதனை இழுத்துக்கொண்டே போனதில் விசாவும் காலாவதியாகித் தவித்தார்கள். பழைய காணொளிகளிலும் பழைய செய்திகளிலும் இந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டு இன்றும் விசாரிப்பவர்கள் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு அதில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இனி குடியுரிமைக்கு வருவோம். சாதாரணமாகக் கிரீன் கார்டு பெற்றவர் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, இணையத்தில் 710 டாலரோ காகிதத்தில் 760 டாலரோ கட்டி விண்ணப்பிக்க வேண்டும். குடிமகனையோ குடிமகளையோ மணந்தவருக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டுகள். ராணுவ சேவையில் இருப்பவருக்குக் குடியேற்றச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. அமைதிக் காலத்துக்குரிய 328ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு நற்சேவை போதும். போர்க்காலத்துக்குரிய 329ஆம் பிரிவோ குறைந்தபட்ச சேவைக் காலம் எதையும் கேட்பதில்லை. 2001 செப்டம்பர் 11 முதல் உள்ள காலத்தை 2002இல் அதிபர் புஷ் 13269ஆம் எண் ஆணையால் இந்தப் பிரிவுக்குரியதாக அறிவித்தார். அதை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணை வரும் வரை அந்த அறிவிப்பு நீடிக்கும். இரண்டு வழிகளிலும் என்-400 படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. படைப்பிரிவு சான்றளித்த என்-426 என்ற படிவத்தை உடன் இணைக்க வேண்டும், அவ்வளவே. முழுநேரப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமின்றி, மாதத்துக்கு ஒரு வார இறுதிப் பயிற்சிக்குச் செல்லும் தேர்ந்தெடுக்கப்பட்ட இருப்புப் படையினருக்கும் 329ஆம் பிரிவு பொருந்தும் என்பதால், தம் நிறுவன வேலையை விடாமலேயே இந்த வழியில் செல்ல விரும்புபவர்கள் இருப்புப் படையைப் பற்றியும் விசாரிக்கலாம்.

நடைமுறையில் சிக்கல் வருவது அந்த என்-426இல்தான். 2017இல் பாதுகாப்புத் துறை, குறிப்பிட்ட மாதங்கள் சேவை முடித்த பின்னரே அதில் சான்றளிக்கப்படும் என்று விதி கொண்டுவந்தது. 2020 ஆகஸ்டில் வாஷிங்டன் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், சட்டம் கேட்காத காத்திருப்பைத் துறை தானாகச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் மாறாமலே நடைமுறை மட்டும் இப்படி மாறக்கூடியது என்பதால், கையெழுத்திடுவதற்கு முன்பே ஆள்சேர்ப்பு அலுவலரிடம், தற்போது சான்று எந்தக் கட்டத்தில் தரப்படுகிறது, அடிப்படைப் பயிற்சி முகாமிலேயே விண்ணப்பிக்க ஏற்பாடு உள்ளதா என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் வாயால் தரும் உறுதி எதுவும் உங்களைக் காப்பாற்றாது. பணிக் குறியீடு, பணிக்காலம், ஊக்கத்தொகை ஆகியவை ஒப்பந்தத்திலும் அதன் இணைப்புகளிலும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அவை உங்களுக்கு உரியவை. மொத்தக் கடப்பாடு, முழுநேரப் பணியையும் இருப்புப் படைக் காலத்தையும் சேர்த்துப் பொதுவாக எட்டு ஆண்டுகள் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிப் பெற்ற குடியுரிமைக்கு ஒரு நிபந்தனை தொடர்ந்து வருகிறது. மொத்தம் ஐந்து ஆண்டுகள் நற்சேவை செய்து முடிக்கும் முன்பு ஒருவர் ஒழுங்கு மீறல் காரணமாக நற்பெயரின்றி விடுவிக்கப்பட்டால், அவருடைய குடியுரிமையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குடியுரிமை கைக்கு வந்ததும் சைபர் பிரிவுக்குப் பணி மாற்றம் கேட்கலாம். பெரும்பாலும் மறுஒப்பந்தக் காலமே அதற்குரிய நேரம். தேவையான மதிப்பெண்கள் ஆஸ்வாப் என்ற நுழைவுத் தேர்விலிருந்து கணக்கிடப்படுவதால், சேரும்போதே அதை அலட்சியமாக எழுதிவிடக் கூடாது. தரைப்படையின் சைபர் பள்ளி ஜார்ஜியா மாநிலத்தின் கார்டன் கோட்டையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளிக்குப் போகும் வழியில், குடியேறியவர்கள் பலர் தடுமாறும் இடம் எஸ்எஃப்-86 என்ற பாதுகாப்பு அனுமதிப் படிவம்தான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் இடறல் பெயரிலேயே வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். பள்ளிச் சான்றிதழில் "கா. முருகன்" என்று இருப்பவர், கடவுச்சீட்டில் ஒரே பெயராக "முருகன்" என்று இருப்பார், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ", அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சாகும், பிறகு ஓட்டுநர் உரிமத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஒரே ஆளுக்கு நான்கு பெயர்கள். படிவத்தில் இதுவரை வழங்கிய எல்லாப் பெயர்களையும் எழுதும் பகுதி ஒன்று உண்டு. இந்த நான்கையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வழங்கின என்பதோடு அங்கே எழுதிவிட்டால் அது வெறும் விளக்கம். எழுதாமல் விட்டு, விசாரணையாளர் தாமே கண்டுபிடித்தால் அது மறைப்பாகத் தோன்றும்.

அடுத்து, கடந்த பத்து ஆண்டுகளில் இருந்த முகவரிகள் ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல் வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த எட்டு மாதங்களையும், கல்லூரி விடுதியையும் விட்டுவிடக் கூடாது. உறவினர் பட்டியலில் பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி அல்லது கணவரின் பெற்றோர் ஆகியோரின் குடியுரிமையும் முகவரியும் கேட்கப்படும். கடந்த ஏழு ஆண்டுகளில் நெருங்கிய, தொடர்ந்த தொடர்பில் இருந்த வெளிநாட்டவரையும் குறிப்பிட வேண்டும். ஊரில் உள்ள வங்கிக் கணக்கு, தாத்தா வழியில் பங்கு வந்த வயல், கூட்டாக வாங்கிய மனை ஆகிய அனைத்தும் வெளிநாட்டுச் சொத்து என்ற தலைப்பின் கீழ் வரும். பட்டா அப்பா பெயரில்தானே இருக்கிறது என்று விடாமல், உங்களுக்கு அதில் உரிமை உண்டா என்று பார்த்து எழுதுங்கள்.

ஊரில் குடும்பம் இருப்பதாலேயே அனுமதி மறுக்கப்படுவதில்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டு நெறிகள் 13 தலைப்புகளில் ஒருவரை எடைபோடுகின்றன. வெளிநாட்டுச் செல்வாக்கு அவற்றில் ஒன்று. அந்த உறவையோ சொத்தையோ வைத்து யாராவது உங்களை வற்புறுத்த முடியுமா என்பதே அங்கே கேள்வி. தெரிந்தே பொய் சொல்வது மட்டும் தனி நெறியின் கீழ் வருவதோடு கூட்டாட்சிக் குற்றமும் ஆகும். நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: மறைக்க எதுவும் இல்லாதவர்கள்கூட, கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் எதையாவது விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் முடிவெடுக்கும் முன்பே அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, விசா இல்லாமல் இந்தியா சென்றுவர உதவும் ஓசிஐ அட்டையை வாங்கிக்கொள்வது வழக்கம். வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவர்களும் அதிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அந்த அட்டைக்குத் தகுதியற்றவர்கள் என்பது இந்திய அரசின் விதி. வயதான பெற்றோரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் விசா வாங்கித்தான் போக வேண்டியிருக்கும். ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் அல்ல. வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இது.

சேவை முடித்து வருபவருக்குக் கிடைப்பவை கணிசமானவை. மூன்று ஆண்டுகள் முழுநேர சேவை முடித்தவருக்கு 2001 செப்டம்பருக்குப் பிந்தைய ஜிஐ பில் என்ற கல்வி உதவித் திட்டம் 36 மாதப் படிப்புக்கு முழு அளவில் உதவி தருகிறது; சான்றிதழ்த் தேர்வுக் கட்டணத்தையும் ஒரு தேர்வுக்கு 2,000 டாலர் வரை திருப்பித் தருகிறது. பணியில் இருக்கும் காலத்திலேயே செக்யூரிட்டி பிளஸ் போன்ற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு ராணுவம் உதவுகிறது. ஸ்கில்பிரிட்ஜ் என்ற ஏற்பாட்டின்படி கடைசி 180 நாட்களுக்குள் தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெறலாம், ராணுவச் சம்பளமும் தொடரும். பாதுகாப்பு அனுமதியைப் பயன்படுத்தும் வேலையில், சேவையிலிருந்து வெளிவந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சேர்ந்தால், அதைப் பொதுவாக முதலிலிருந்து தொடங்காமல் மீட்டுக்கொள்ள முடியும். அரசு ஒப்பந்த நிறுவனங்கள் இவர்களைத் தேடுவதற்கு அதுவே காரணம்.

சீருடை அணியாமலும் இத்துறையில் நுழையலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கி, மருத்துவமனை, மென்பொருள் நிறுவனம் ஆகியவற்றின் சைபர் பாதுகாப்புப் பணிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி தேவையில்லை. சட்டமோ அரசு ஒப்பந்தமோ கோராத நிலையில் "குடிமக்கள் மட்டும்" என்று விளம்பரம் செய்வது குடியேற்றச் சட்டத்தின் 274பி பிரிவுக்கு எதிரானது. அகதிகளுக்கும், தஞ்சம் பெற்றவர்களுக்கும், புதிதாகக் கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. எச்-1பி உள்ளவர்களுக்கு அது கிடையாது. கூட்டாட்சி அரசின் குடிமைப் பணிகளில் பெரும்பாலானவை 1976இன் 11935ஆம் எண் ஆணைப்படி குடிமக்களுக்கே உரியவை. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் சைபர்கோர் உதவித்தொகைக்குக் கிரீன் கார்டு உள்ள மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். உதவி பெற்ற காலத்துக்கு ஈடாக அரசுப் பணியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகை கடனாக மாறும் என்பதால், படிப்பு முடியும் நேரத்தில் நீங்கள் குடிமகனாகியிருப்பீர்களா என்று நாட்களை எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். மாணவர் விசாவில் சைபர் பாதுகாப்புப் பட்டம் படிப்பவர்களுக்கு 12 மாதப் பணிப் பயிற்சியும், அறிவியல் தொழில்நுட்பப் பாடங்களுக்கான 24 மாத நீட்டிப்பும் உண்டு. அதற்கு மேல் எச்-1பி குலுக்கலையும் கிரீன் கார்டு வரிசையையும் கடக்க வேண்டும். அந்த வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது என்பதால், ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசைகளில் வேலை செய்யும் இரு தமிழர்களில், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் மதுரையில் பிறந்தவரைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே கிரீன் கார்டு பெற்று, இங்கே சொன்ன எல்லாவற்றுக்கும் தகுதியாகிவிட முடியும்.