வேடிக்கை பார்க்கும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளாதீர்கள்

"வீட்ல ஒரே வாய் சார். வெளியில போனா ஓரமா நின்னு வேடிக்கை பார்க்குது, யாரோடயும் சேர மாட்டேங்குது."

குழந்தை வளர்ச்சி ஆலோசகனாகக் கும்பகோணத்தில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. முதலில் வயதைத்தான் விசாரிப்பேன். இரண்டரை வயதில் இரண்டு பிள்ளைகள் ஒரே மணலில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்குத் தோண்டிக்கொண்டிருப்பது இயல்பு. கூடிப் பேசி, ஆளுக்கொரு வேலை பிரித்து விளையாடுவது நான்கு வயதை ஒட்டித்தான் வரும். 1932-இல் பிள்ளை விளையாட்டின் இந்தப் படிகளை வகைப்படுத்திய அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், வேடிக்கை பார்ப்பதையும் ஒரு படியாகவே சேர்த்தார்.

ஆடிப்பெருக்கன்று எங்கள் பக்கம் பிள்ளைகள் சின்ன மரச் சப்பரங்களை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். நான்கு வயதுப் பையன் ஒருவனுக்குக் கையில் புதுச் சப்பரம் இருந்தும் கால் நகரவில்லை. "போடா, போய்ச் சேந்துக்க" என்று பாட்டி தள்ளத் தள்ள, அவர் புடவைக்குள்ளேயே ஒளிந்தான். ஆசை இல்லாமல் இல்லை, எப்படி நுழைவது என்றுதான் தெரியவில்லை. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் அவனோடு கடைசிச் சப்பரத்தின் பின்னால் நடந்தார். முன்னால் போன சிறுமியின் சக்கரம் கல்லில் மாட்டியது; இவன் குனிந்து தூக்கிவிட்டான். அப்புறம் சித்தப்பாவைத் தேடவே இல்லை.

நுழையும் வழி இதுதான்: பக்கத்தில் நின்று பார்ப்பது, அவர்கள் செய்வதையே செய்வது, பிறகு பேச்சு. எடுத்த எடுப்பில் "நானும் வரட்டா?" என்று கேட்டால் "வராதே" என்ற பதிலுக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. வீட்டில் பொம்மைகளை வைத்து இதை ஒத்திகை பார்க்கலாம். கூட்டம் வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்று, அரை மணி நேரம் போதும். உயிராக நினைக்கும் பொம்மையை முன்பே பீரோவில் வைத்துவிடுங்கள். "ஷேர் பண்ணு" என்று அதட்டுவதைவிட "அவள் முடித்ததும் உன் முறை" என்பது பிள்ளைக்குப் புரியும். காய் விட்டால் பஞ்சாயத்துக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் அவர்களே பழம் விட்டுக்கொள்வார்கள்.

ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாத, பேசிய சொற்களை இழந்த பிள்ளையைக் கூச்சம் என்று விடக்கூடாது. காது கேட்கிறதா என்பதிலிருந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பரிசோதிக்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. அங்கன்வாடியில் கேட்டாலும் வழி சொல்வார்கள். "இவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.