ரிலீவர் வந்தாச்சா? மெட்ரோ ரயிலில் பொறுப்பு கைமாறும் நிமிடங்கள்

மெட்ரோ நிலையத்திலோ கட்டுப்பாட்டு மையத்திலோ மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்பவர்கள் சிக்னல், கதவு, மின்சாரம் என்று எந்திரங்களைத்தான் முதலில் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றாடம் கோளாறு நுழைகிற வாசல் வேறு. ஷிஃப்ட் முடித்தவரிடமிருந்து அவரை விடுவிக்க வரும் ரிலீவருக்கு, இயக்கப் பிரிவிடமிருந்து பராமரிப்புப் பிரிவுக்கு, பணிமனையிலிருந்து மெயின் லைனுக்கு என்று பொறுப்பு கைமாறும் சில நிமிடங்களில்தான் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போகிறது.

இரவிலிருந்து தொடங்கலாம். சென்னையில் இரவு 11 மணிவாக்கில் கடைசி வண்டிகள் கிளம்பிவிடும். காலை 5 மணிக்கு மறுபடி சேவை. நடுவில் ஆறு மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். கடைசி வண்டி முனையத்தைத் தொட்டு, பணிமனைக்குள் போய், மின்சாரத்தைத் துண்டித்து, எர்த் செய்து (கம்பியைப் பூமியோடு இணைத்து) முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். விடியலில் அத்தனையையும் திரும்பச் செய்ய இன்னும் ஒரு மணி நேரம். தண்டவாளத்தில் இறங்கி வேலை பார்க்கக் கிடைப்பது மூன்றரை, மிஞ்சினால் நான்கு மணி நேரம்தான். குறுக்குவழி தேடும் ஆசை இந்த நெருக்கடியில்தான் வருகிறது.

தண்டவாளத்துக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். மின்சாரம் இருக்கும் கம்பிக்கு 2 மீட்டருக்குள் ஆளோ கையிலுள்ள கருவியோ போகக் கூடாது. மையத்திலிருந்து ‘பவர் ஆஃப்’ என்று தகவல் வந்ததுமே கம்பி செத்துவிட்டதாக நினைப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பக்கத்து லைனில் மின்சாரம் இருந்தால், துண்டித்த கம்பியிலும் தூண்டலால் மின்னழுத்தம் ஏறும். ஆளைக் கொல்ல அது போதும். அதனால்தான் வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் டிஸ்சார்ஜ் ராடு மாட்டுகிறோம்: நுனியில் கொக்கியும், கம்பியிலுள்ள மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோகும் கேபிளும் உள்ள கோல் அது.

மாட்டும் வரிசையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். முதலில் கேபிளின் கீழ்முனைக் கிளாம்பைத் தண்டவாளத்திலோ அதற்கென்று குறித்த எர்த் இடத்திலோ இறுக்க வேண்டும். துருவின் மேலோ பெயின்ட்டின் மேலோ இறுக்கினால் பலனில்லை, வெறும் இரும்பைக் கடித்துப் பிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் ராடைத் தூக்கிக் கொக்கியைக் கம்பியில் போட வேண்டும். கழற்றும்போது நேர்மாறு: மேலே கொக்கி முதலில், கீழே கிளாம்பு கடைசியில். வரிசை மாறினால் கம்பியிலுள்ள மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல், கேபிளின் அடுத்த முனையைப் பிடித்திருக்கும் ஆள் வழியாகப் போகும். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் ராடு மாட்டிவிட்டு ‘ரெடி சார்’ என்று சொல்கிற குழு எங்கும் உண்டு. இரண்டாவது ராடு எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்று கேட்காமல், தண்டவாளத்தில் இறங்க அனுமதிக்கும் பர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விடியற்காலையில் பராமரிப்புக் குழுவிடமிருந்து லைனைத் திரும்ப வாங்கும்போது இன்னும் கறாராக இருக்க வேண்டும். ‘எல்லாரும் ஏறி வந்துட்டாங்க’ என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பக் கூடாது. இறங்கும்போது எழுதிய பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். ஆறு பேர் இறங்கி, ஒருவர் சுரங்கப்பாதையின் மறுமுனை வழியாக அடுத்த நிலையத்தில் ஏறிவிட்டால், அந்த நிலையத்திலிருந்து அவர் குரலைக் கேட்ட பிறகுதான் எண்ணிக்கை முடியும். கருவிகளுக்கும் இதே கணக்குதான். வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட்டின் நாக்குக்கும் (நகரும் தண்டவாளத் துண்டு) தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தடங்கல் இருந்தாலே அது பூட்டிக்கொள்ளக் கூடாது என்பது ரயில்வே சோதனை விதி. ஆக, அங்கே மறந்து வைத்த ஒரு ஸ்பேனர் விபத்தை உண்டாக்காமல் போகலாம். ஆனால் முதல் வண்டியை அங்கேயே நிறுத்திவிடும். பர்மிட் வாங்கியவரேதான் அதை ரத்து செய்ய வேண்டும், அவர் சார்பில் வேறொருவர் போனில் சொல்வதை ஏற்கக் கூடாது. இவ்வளவும் முடிந்து மின்சாரம் வந்தபின், பயணிகள் இல்லாத ஒரு வண்டியைக் குறைந்த வேகத்தில் விட்டுப் பாதையைப் பார்ப்பது நல்ல நடைமுறை.

அடுத்தது வாக்கி டாக்கியில் பேசுவது. தமிழில் எண்களைச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பேச்சில் ‘ஒம்பது’ம் ‘அம்பது’ம் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ‘அறுபது’ம் ‘எழுபது’ம் அப்படியே. ‘அண்ணா, ஒம்பதாவது கம்பத்துக்கிட்ட நில்லுங்க’ என்று சொன்னது எதிர்முனையில் வேறாக விழுந்தால், ஆள் நிற்கும் இடமே மாறிவிடும். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: அம்பது என்றால் ‘அஞ்சு, சைபர்’. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஓகே சார்’ என்பது பதிலே ஆகாது. அண்ணா, தம்பி, மேடம் என்று உறவாகப் பேசிக்கொள்வதில் தவறில்லை, அது வேலையை இலகுவாக்குகிறது. ஆனால் ‘அங்க’, ‘அந்த வண்டி’, ‘அந்தப் பக்கம்’ ஆகிய மூன்றும் ரேடியோவில் வரவே கூடாது. அப் லைனா டவுன் லைனா, எந்த எண் வண்டி, எந்த நடைமேடை என்று சொல்லியாக வேண்டும். ஆலந்தூரில் இரண்டு வழித்தடங்களும் இரண்டு தளங்களில் வந்து நிற்கின்றன. அங்கே ‘மேலே’, ‘கீழே’ என்பதுகூட எந்த நடைமேடையைக் குறிக்கிறது என்று தெரியாது.

இந்தப் பழக்கம் உயிர் காப்பது, வண்டியின் தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு செயலிழந்துபோகும் நேரத்தில். அப்போது மையத்தின் அனுமதியோடு வண்டி கையால் ஓட்டப்படும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய மின்சார டிராமின் ஓட்டுநர் கண்ணை நம்பித்தான் ஓட்டினார். வெளிநாடுகளில் சாலை நடுவே ஓடும் லைட் ரயில்களில் இன்றும் அதே முறைதான். நம் ஓட்டுநர் அந்த நிலைக்கு வருவது எப்போதாவதுதான் என்பதால் பழக்கம் விட்டுப்போயிருக்கும். எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்ற அனுமதியைச் சரியான வண்டிக்குத்தான் கொடுத்தோமா என்று எண்ணைத் திருப்பிச் சொல்ல வைத்து உறுதி செய்யுங்கள்.

ஷிஃப்ட் மாற்றத்துக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள், பழையவரும் புதியவரும் ஒன்றாக இருக்கும் 15 நிமிடம். லாக் புக்கில் ‘அனைத்தும் இயல்பு’ என்று எழுதுவதைத் தடை செய்துவிடலாம் என்றே தோன்றுகிறது. எந்த எஸ்கலேட்டர் நிறுத்தப்பட்டிருக்கிறது, எந்த நடைமேடைக் கதவு பூட்டப்பட்டிருக்கிறது, எந்தப் புகாருக்கு இன்னும் ஆள் வரவில்லை, எந்தச் சாவி யாரிடம் என்று எழுதினால்தான் அது ஒப்படைப்பு. சுரங்க நிலையத்தில் ஒரு நடைமேடைக் கதவு பழுதானால் ஒவ்வொரு வண்டிக்கும் அந்தக் கதவருகே ஒருவர் நிற்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போகும்போது அந்த இடத்தை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதை மேற்பார்வையாளர் பெயரோடு சொல்லத் தெரிய வேண்டும்.

ரிலீவர் வராத நாள்தான் சோதனை. ‘இன்னிக்கு மட்டும் டபுள் டூட்டி பாத்துடு தம்பி’ என்று சொல்வது சுலபம். 16 மணி நேரம் விழித்திருந்தவரை மறுபடி விடியற்காலை 2 முதல் 5 மணிக்குள், உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும் நேரத்தில், ஒரு பாயிண்ட்டைக் கையால் திருப்ப அனுப்புவது குற்றத்துக்குச் சமம். மாற்று ஆள் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஓட்டுநர் கையெழுத்துப் போடும் இடத்தில் மூச்சுச் சோதனை, அன்றைய வேகக் கட்டுப்பாட்டு அறிவிப்புகள், ரேடியோ, டார்ச், கண்ணாடி அணிபவருக்கு மாற்றுக் கண்ணாடி, இவற்றோடு முகத்தையும் பாருங்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர் தானாகச் சொல்லமாட்டார். சொன்னால் சம்பளம் போகும் என்று பயப்படுவார். அந்தப் பயத்தைப் போக்குவது மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறது.

பகலில் வேலை நொடிக் கணக்கில். நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவே 3 நிமிட இடைவெளியில் வண்டி. ஒரு நடைமேடைக்கு நிமிடத்துக்கு 40 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். சரியான நேரத்துக்கு வந்த வண்டிக்கு 120 பேர். ஒரு நிமிடம் பிந்தினால் 160 பேர். அவர்கள் ஏறி முடிக்க நேரமாகும், அடுத்த நிலையத்தில் இன்னும் பிந்தும். பின்னால் வரும் வண்டிக்கோ 80 பேர்தான், அது முன்னதை ஒட்டிக்கொண்டே வந்துவிடும். இதற்கு மருந்து, பிந்திய வண்டிக்கு முன்னால் போகிற வண்டியை அடுத்தடுத்த நிலையங்களில் 20, 30 நொடி நிறுத்தி இடைவெளியைப் பங்கிடுவது. நேரத்துக்கு ஓடும் வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்று பலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் வேலை செய்வது அதுதான். படிக்கட்டு இறங்கும் இடத்தில் கூட்டம் தேங்காமல் நடைமேடையின் இரு கோடிக்கும் மக்களை அனுப்ப ஒரு ஆளை நிறுத்துவதும் பலன் தரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுரங்க நிலையத்தில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்புகளைத் திரையில் பச்சை விளக்கைப் பார்த்து விட்டுவிடக் கூடாது. இறங்கிப் போய், தண்ணீர் ஏறினால் பம்பை ஓட்டும் மிதவை ஸ்விட்ச்சைக் கையால் தூக்கி, பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றுப் பம்பையும் அப்படியே. மிதவை ஒரு பிளாஸ்டிக் பையில் சிக்கியிருந்தால் விளக்கு பச்சையாகத்தான் இருக்கும், தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியேற்றும் குழாயின் ஒருவழி வால்வு பழுதாகியிருந்தால், சாலை வெள்ளம் அதே குழாய் வழியாக நிலையத்துக்குள் வரும். நுழைவாயில் தடுப்புப் பலகைகள் பொருந்துகின்றனவா என்று செப்டம்பரிலேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பயணிகளும் குடியிருப்போரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. டோல்கேட் முதல் விம்கோ நகர் வரை பாதை வீட்டு மாடிகளுக்கு அருகில் மேலே போகிறது. உலோகப் பூச்சுள்ள மாஞ்சா நூல் கம்பிக்கும் தூணுக்கும் நடுவே விழுந்தால் அந்தப் பகுதி முழுக்க மின்சாரம் துண்டிக்கப்படும். நூல் பிடித்திருக்கும் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து.

ஒப்பந்த ஊழியர்கள், அதாவது டிக்கெட் கவுன்ட்டர், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டியில் இருப்பவர்கள், நிலையத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். எந்தத் தூணோரம் ஈரம் கசிகிறது என்று துடைப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவரிடம் கேட்கும் பழக்கம் வேண்டும். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் கொண்டுவந்தது. நடைமேடையில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கும் முழங்கால் அதே முழங்கால்தான். இரவு ஷிஃப்ட் முடியும் பெண்களுக்கு வீடு வரை வண்டி ஏற்பாடு செய்யாமல் ரோஸ்டரில் பெயர் போடாதீர்கள்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் சுமார் 119 கிலோமீட்டருக்கு ஓட்டுநர் இல்லாத ரயில்கள் திட்டமிடப்பட்டுள்ளன. இன்று ஒரு கதவு சிக்கினால் ஓட்டுநர் கேபினிலிருந்து இறங்கி வந்து, அதைத் தள்ளிப் பார்த்து, மூடவில்லை என்றால் தனியே பூட்டி, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார். நாளை நிலைய ஊழியரும் வண்டிக்குள் சுற்றிவரும் ஊழியரும் அதைச் செய்ய வேண்டியிருக்கும். பயிற்சியை இப்போதே தொடங்கலாம்: சாவி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை, விளக்கு அணைந்த வண்டியில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருமுறையாவது ஒவ்வொருவரும் செய்து பார்க்கட்டும்.