சிவப்பு நூல் பழுப்பாகத் தெரிந்தால்

"தம்பி, இது சிவப்பா, பழுப்பா?" தாராவி தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி நூல்கண்டை நீட்டினார். நல்ல ரத்தச் சிவப்பு. முப்பது வருஷமாகத் துணிக்கு நூல் பொருத்துகிறவர் இப்படிக் கேட்கவே திக்கென்றது. தையல் மெஷின் மேல் டிபி மாத்திரை அட்டை கிடந்தது. நான்காவது மாதமாம்.

வழக்கமான டிபி சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என நான்கு மருந்து. பிறகு பைரசினமைடு நின்றுவிடும், மற்ற மூன்றும் தொடரும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது ரிஃபாம்பிசின் வேலை, கெடுதல் இல்லை. கண்ணுக்காகக் கவனிக்க வேண்டியது எத்தாம்புட்டால்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவற்றில் நடுப்பார்வையையும் நிறத்தையும் கொண்டுபோகிறவை மிக மெல்லியவை. ஓயாமல் வேலை செய்வதால் அவற்றுக்கு நிறைய ஆற்றல் வேண்டும். அதைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தாமிரம் தேவை. எத்தாம்புட்டால் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள். அதனால்தான் இந்த இழைகள் முதலில் வாடுகின்றன என்று கருதப்படுகிறது. ஓரப் பார்வை தப்பிவிடுவதால் தெருவில் தடுமாறாமல் நடக்கலாம். எழுத்து மங்கும், சிவப்பும் பச்சையும் வெளிறும். வலி பெரும்பாலும் இருக்காது.

ஒரு கண்ணை மூடி மறு கண்ணோடு ஒப்பிட்டாலும் ஏமாந்துபோவோம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே மங்கும். தொடக்கத்தில் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தாலும் நரம்பு நன்றாகவே தெரியலாம். நிறப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். அண்ணாச்சி அன்றைக்கே போனார். நிறப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்துவைத்த இஷிஹாரா புத்தகத்தில், எல்லோருக்கும் தெரிகிற முதல் பக்கத்து 12 தவிர எதையும் அவரால் வாசிக்க முடியவில்லை.

நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் எத்தாம்புட்டால் என்ற அளவில் இந்தக் கண் பாதிப்பு அபூர்வம். அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பார்வை மங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடலாம். எதை நிறுத்துவது என்பதை டிபி மருத்துவர் முடிவு செய்வார். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்குச் சில மாதங்களில் பார்வை திரும்புகிறது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

அண்ணாச்சிக்கு எத்தாம்புட்டாலை நிறுத்தி மூன்று மாதமாகிறது. சிவப்பைச் சிவப்பென்று சொல்கிறார். ஊசியில் நூல் கோக்க மட்டும் இன்னும் மகளைக் கூப்பிடுகிறார்.