‘ஏற்றப்பட்ட போர்’: யார் ஏற்றியது?

மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளின் விதிகளைத் தமிழில் தரக் கிளம்புகிறவர்கள் ‘மவுண்டட் காம்பாட்’, அதாவது ஓர் உயிர்மேல் ஏறியிருந்து போடும் சண்டை, வந்ததும் ‘ஏற்றப்பட்ட போர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஏற்றப்படுவது மூட்டை. குதிரைமேல் இருக்கும் வீரர் தானே ஏறினவர்.

சொல்லின் கதை சின்னது. மலையைக் குறிக்கும் லத்தீன் மோன்ஸ், அதன் வழியே ஏறுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினை, அங்கிருந்து ஆங்கில மவுண்ட். ஏறும் செயல், ஏறியிருக்கும் நிலை, சுமக்கும் உயிர் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இது ஒன்றுதான். நமக்கோ ஏறுதல், ஊர்தல், ஊர்தி என்று மூன்று இருக்கின்றன. எறும்புதானே ஊரும் என்று சிரிக்க வேண்டாம். சிவிகையைச் சுமப்பவனைப் ‘பொறுத்தான்’ என்றும் மேலே இருப்பவனை ‘ஊர்ந்தான்’ என்றும் குறளே பிரிக்கிறது. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனுடைய வெள்ளேறு ‘ஊர்தி’தான்.

இந்தப் பிரிவு வெறும் அழகுக்கு இல்லை. இவ்வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் ஏறுவதற்கு உங்கள் வேகத்தில், அதாவது ஒரு முறையில் நகரக்கூடிய தூரத்தில், பாதி செலவாகும், ஏறியிருப்பதற்குச் செலவில்லை. அதே பதிப்பில், உங்கள் ஊர்தியைவிடச் சிறிய, ‘அன்மவுண்டட்’ ஆன உயிரை நெருங்கித் தாக்கினால் அனுகூலம் (பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) தரும் சிறப்புத்திறன் ஒன்று உண்டு. நீங்கள் யானைமேல் இருக்கிறீர்கள், எதிரி குதிரைமேல். எதிரியைத் தாக்கினால் அனுகூலம் இல்லை, சரி. அவன் குதிரையை? அது எதன்மேலும் ஏறவில்லை. ஆனால் அதன்மேல் ஆள் இருக்கிறான். ஆங்கிலச் சொல் இரண்டு பக்கமும் இழுபடும், மேசையில் சண்டை தொடங்கும். ‘எதையும் ஊராத உயிர்’ என்று எழுதினால் குதிரைமேல் அனுகூலம் உண்டு. ‘ஊர்பவர் இல்லாத உயிர்’ என்றால் இல்லை. மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் துணிந்து சொல்லியே ஆக வேண்டும். ‘ஏற்றப்படாத உயிரினம்’ என்று எழுதுகிறவர் அந்தக் கேள்வியைப் பார்க்கவே இல்லை.

‘குதிரைப்போர்’ என்பாரும் உண்டு. உடலமைப்பு பொருந்தி, உங்களைவிட ஓர் அளவாவது பெரிதாக இருந்து, சம்மதிக்கும் எந்த உயிரும் ஊர்தி ஆகலாம் என்கிறது விதி. நாய்மேல் வரும் குள்ளரையும் கழுகுத்தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின்மேல் பறக்கும் வீரரையும் குதிரைப்போரில் எங்கே சேர்ப்பது? ‘வாகனம்’ கோயிலில் பொருந்தும். இங்கே உடனே பெட்ரோல் வாசம் அடிக்கிறது. ஊர்திக்கும் அந்தக் குறை உண்டே என்றால், உண்டு. வண்டியை வண்டி என்றும் கப்பலைக் கப்பல் என்றும் எழுதிவிட்டால் ஊர்தி உயிருள்ளதற்கு மிஞ்சும். ஆக ‘ஊர்திச் சண்டை’, ‘ஊர்பவர்’, ‘இறங்குதல்’.

உண்மையான நோய் இந்தப் ‘பட்ட’. ஆங்கிலத்தில் ‘எட்’ விகுதியைப் பார்த்ததும் ‘பட்ட’ போடும் கை, நாளைக்கே அடங்கி நடக்கும் ஊர்தியை, ‘கண்ட்ரோல்ட் மவுண்ட்’டை, ‘கட்டுப்படுத்தப்பட்ட ஏற்றம்’ ஆக்கும். அந்த ஊர்தி உங்கள் முறையிலேயே நகரும். விரைதல், விலகுதல், தவிர்த்தல் தவிர வேறொன்றும் செய்யாது. ‘அடங்கிய ஊர்தி’, ‘தன்னிச்சை ஊர்தி’ என்றால் படிக்கும்போதே விதி பாதி புரிந்துவிடும். ஆட்ட வரைபடத்தில் நான்கு கட்டங்களை அடைக்கும் குதிரையில் ஊர்பவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை மூல நூலே சொல்லவில்லை. அங்கே மட்டும் மொழிபெயர்ப்பாளரைத் திட்ட மாட்டேன்.