இரண்டு டைனோசரா, ஒன்றா?

சித்தூர், புத்தூர் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் ஐதராபாத் பிர்லா அருங்காட்சியகத்தில் நீள்கழுத்து டைனோசரின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்தால், "நம்ம மலையில தோண்டினா கிடைக்குமா?" என்று கேட்பார்கள். கிடைக்காது. இங்குள்ள கருங்கல் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எலும்பு தங்குவதற்கு ஆறும் ஏரியும் மண் படியவைத்த இடம் வேண்டும். கோதாவரிப் படுகையின் கோட்டா பாறைகள் அப்படிப்பட்டவை.

அங்கே யாமன்பள்ளியில் (அன்று ஆந்திரம், இன்று தெலங்கானா) கிடைத்ததுதான் பிர்லா அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தக் கோட்டாசாரஸ். சுமார் 840 எலும்புகள், எல்லாம் கலந்து கிடந்தன. மண்டையோடு இல்லை. இப்படிப்பட்ட குவியலில் முதல் வேலை எண்ணுவது. வலது தொடை எலும்பு எத்தனை இருக்கிறதோ, குறைந்தது அத்தனை விலங்குகள் இருந்திருக்க வேண்டும். எந்த எலும்பு அதிகம் திரும்ப வருகிறதோ அதுவே கணக்கு. யாமன்பள்ளியில் குறைந்தது 12 விலங்குகள்.

சரி, புது இனம் என்று எப்படிச் சொல்வது? இதே கோட்டா பாறைகளிலிருந்து பாராபாசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசருக்கு 1975-லேயே பெயர் வைத்தாகிவிட்டது. இதுவும் அதுதானோ என்ற சந்தேகம் நியாயமானது. உருவ அளவை வைத்து முடிவு செய்ய முடியாது, குட்டியும் பெரியதும் வேறு வேறாகத்தான் இருக்கும். அதனால் முள்ளெலும்பின் (முதுகுத்தண்டில் கோத்திருக்கும் ஒவ்வொரு எலும்பின்) அடிப்பகுதியும் மேல்வளைவும் ஒட்டிவிட்டனவா என்று பார்ப்பார்கள். ஒட்டாமல் இருந்தால் இன்னும் வளர்கிற விலங்கு. வயதால் வரும் வித்தியாசங்களைக் கழித்த பிறகு மிஞ்சுகிற வடிவ வேறுபாடுதான் சாட்சி. பாராபாசாரஸின் முதுகு முள்ளெலும்புகளில் குடைவுகள் உண்டு, கோட்டாசாரஸுடையவை எளிமையானவை. கோட்டாசாரஸின் இடுப்பெலும்புத் தகடு உயரம் குறைந்தது. அதன் தொடை எலும்பில், முன்னோர்களிடம் இருந்த ஒரு சிறு மேடு இன்னும் மிச்சமிருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 1988-ல் தொல்லுயிர் ஆய்வாளர் யாதகிரி தனிப் பெயர் வைத்தார்.

ஒரே ஒரு அடையாளத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜபல்பூர் வால் எலும்புகளே போதும். முன்பக்கம் குழிந்து பின்பக்கம் உருண்டையாக இருந்த அவற்றை வைத்து ஆங்கிலேய ஆய்வாளர் லிடெக்கர் 1877-ல் டைட்டானோசாரஸ் என்று பெயரிட்டார். பிறகு உலகெங்கும் அதே வடிவ வால் எலும்புகள் கிடைத்தன. தனி அடையாளம் பொது அடையாளமாகிவிட்டது. 2003-ல் வந்த மறுஆய்வு, அந்தப் பெயர் செல்லாது என்றது.

எனக்கு அதிக வருத்தம் தருவது நம் அரியலூர்க் கதை. கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளுக்கு 1987-ல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் ஊன் தின்னி என்றார்கள், அப்புறம் நீள்கழுத்து டைனோசர் என்றார்கள். கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். ஆனால் எலும்புகள் சிதைந்து அழிந்துபோயின. இன்று மிஞ்சியிருப்பது பழைய படங்களும் குறிப்புகளும்தான். படத்தைத் திருப்பி மறுபக்கம் பார்க்க முடியாது, அறுத்து உள்ளே பார்க்கவும் முடியாது. அதனால் அந்தப் பெயர் மீதான விவாதம் இன்னும் முடியவில்லை.