நாற்றின் இலையைக் கிள்ளும் முன் வாருங்கள்

ஆய்வுத் தரவை அலச உதவும் எங்களிடம் போன வாரமும் ஒரு மாணவி வந்தார். நெல் நாற்றில் உப்பைத் தாங்க உதவும் ஜீன்கள் எவை என்று தேடும் ஆய்வு. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் ஆர்என்ஏ சீக்வென்சிங் எல்லாம் முடித்து, ஹார்ட் டிஸ்க்கோடு வந்திருந்தார். லேப்டாப்பில் பிசிஏ படத்தை (ஒத்த சாம்பிள்களைப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாகக் காட்டும் படம்) திறந்து, "பாருங்க சார், எவ்வளவு அழகா பிரிஞ்சிருக்கு" என்றார். பிரிந்துதான் இருந்தது. சாதாரண நாற்றின் மூன்று புள்ளிகள் இடது ஓரம், உப்புநீர் விட்ட நாற்றின் மூன்று புள்ளிகள் வலது ஓரம்.

"சாம்பிள் எடுத்த தேதி என்னம்மா?" என்று கேட்டேன். சாதாரண நாற்று ஜூலையில், உப்பு நாற்று நவம்பரில். இடையில் ஆர்என்ஏ பிரிக்கும் கிட் தீர்ந்து, புதிதாக வாங்கியிருக்கிறார்கள். சீக்வென்சிங்குக்கும் இரண்டு தடவையாக அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அந்தப் படத்தில் தெரிவது உப்பா, நவம்பரா? எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, எந்தக் கணினிக்கும் தெரியாது. இந்த வருடம் இது ஐந்தாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாம்ல சார்?"

முடியாது. வெண்டைக்காயை ஒரு கடைத் தராசில் எடை போடுகிறீர்கள், கத்தரிக்காயை வேறு கடைத் தராசில். 200 கிராம் வித்தியாசம் வருகிறது. காய்தான் கூடுதலா, தராசு கோளாறா? இரண்டு காயையும் இரண்டு தராசிலும் போட்டிருந்தால் தராசின் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். போடவில்லை என்றால் எதைக் கழிப்பது? இரண்டு எண்களைக் கூட்டினால் 10 வருகிறது, முதல் எண்ணைச் சொல் என்பது போலத்தான் இதுவும். எவ்வளவு பெரிய கணினி வைத்திருந்தாலும் விடை வராது. விவரமே இல்லாத இடத்தில் எந்த அல்காரிதமும் விவரத்தை உண்டாக்காது.

பேட்ச் (ஒரே தடவையில் சேர்த்து எடுத்த சாம்பிள்கள்) வித்தியாசத்தைக் கழிக்கும் காம்பேட் போன்ற நிரல்கள் 2007-லிருந்தே புழக்கத்தில் இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு வகை சாம்பிளும் கலந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நவம்பரைக் கழிக்கும்போது உப்பின் விளைவும் சேர்ந்தே போய்விடும்.

இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. எந்த ஜீன்களின் வேலை மாறியிருக்கிறது என்று கணக்கிடும் டீசெக்2 நிரல் இந்தச் சிக்கலைக் கண்டுபிடித்து, 'மாடல் மேட்ரிக்ஸ் ஈஸ் நாட் ஃபுல் ரேங்க்' என்று சொல்லி நின்றுவிடும். உப்பையும் தேதியையும் பிரிக்க முடியவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? பேட்ச் என்ற சொல்லை நிரலுக்குக் கொடுக்கும் ஃபார்முலாவிலிருந்து அழித்துவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். ஓடிவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஜீன்கள் பட்டியலாக வருகின்றன. அதை வைத்துத் தீசிஸ் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மாணவர்கள் மட்டும் இதில் மாட்டுவதில்லை. மனிதனின் திசுவில் ஜீன்கள் வேலை செய்யும் விதம், எலியின் அதே திசுவைவிட மனிதனின் மற்றத் திசுக்களோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று 2014-ல் ஒரு பெரிய குழு எழுதியது. 2015-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் அந்தத் தரவின் ஃபாஸ்ட்க்யூ கோப்புகளை (சீக்வென்சிங் இயந்திரம் படித்த துணுக்குகள் இருக்கும் கோப்புகள்) எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒவ்வொரு துணுக்கின் தலைவரியிலும் எந்த இயந்திரம், எத்தனையாவது ஓட்டம், இயந்திரத்தின் எந்த லேன் (தடம்) என்று இருக்கும். பெரும்பாலான ஓட்டங்களில் மனித சாம்பிள் மட்டும், அல்லது எலி சாம்பிள் மட்டும். அதைக் கணக்கில் எடுத்ததும் இதயம் இதயத்தோடும் ஈரல் ஈரலோடும் சேர்ந்துகொண்டன.

சரி, என்ன செய்யலாம்? கன்ட்ரோல் செடியும் (உப்பு விடாத சாதாரணச் செடி) உப்பு விட்ட செடியும் ஒரே நாளில், ஒரே தட்டில், இடம் மாற்றி மாற்றி வளரட்டும். ஆர்என்ஏ பிரிக்கும் நாளிலும் கலந்தே எடுங்கள். ஒரே நாளில் முடியாதென்றால் ஒவ்வொரு நாளும் இரண்டிலும் பாதிப் பாதி எடுங்கள். வகைக்கு மூன்று சாம்பிளுக்குக் குறையாதீர்கள். ஒரே இலையின் ஆர்என்ஏவை மூன்று குழாயில் ஊற்றினால் அது மூன்று ஆகாது. 20,000 ஜீன்களுக்குத் தனித்தனியாகப் பி-மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழா என்று பார்த்தால், வித்தியாசமே இல்லாவிட்டாலும் சுமார் 1,000 ஜீன்கள் வந்து நிற்கும். இத்தனை ஜீன்களைச் சோதித்ததைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பி-மதிப்பை மட்டும் பாருங்கள்.

ஜீன் பட்டியலை எக்செலில் அப்படியே திறக்காதீர்கள். செப்ட்2 என்ற ஜீன் செப்டம்பர் 2 ஆகிவிடும், மார்ச்1 என்பது மார்ச் 1 ஆகிவிடும். எக்செல் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கில் இந்தத் தவறு இருப்பதாக 2016-ல் கணக்கெடுத்தார்கள். 2020-ல் அந்த மனித ஜீன்களின் பெயரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டு இறக்குமதி செய்ய அரை நிமிடம் போதும்.

கைடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். சீக்வென்சிங்குக்குப் பணம் ஒதுக்கும் அன்றே மாணவரை எங்களிடம் அனுப்புங்கள். அரை மணி நேரம் பேசினால் போதும், காசும் கேட்க மாட்டோம். போன வாரம் வந்த மாணவிக்குச் சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) கொடுக்க நான்கு மாதம்தான் இருக்கிறது. விதை மீதி இருந்ததால் இரண்டு வகையையும் சேர்த்து மறுபடி விதைத்திருக்கிறார். எல்லோருக்கும் விதை மீதி இருக்காது. நோயாளியின் ரத்தம் என்றால் மறுபடி கேட்கவும் முடியாது.

வரும்போது ஹார்ட் டிஸ்க் வேண்டாம். தேதி போட்ட லேப் நோட்டை எடுத்து வாருங்கள்.