இருபது ஆண்டில் வளர்ந்த இறக்கை

1978இல் சிலி நாட்டின் தெற்கே, புவெர்ட்டோ மான்ட்டில் ஒரு புது ஈ தென்பட்டது. பெயர் டிரோசோபிலா சப்அப்ஸ்கூரா. அதிகம் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே பொடி ஈ, அதன் உறவு. (மாங்காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ வேறு குடும்பம்.) ஐரோப்பாவைச் சேர்ந்த இதற்குச் சிலியில் என்ன வேலை? நான்கு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்சென்ட் பக்கமும் அகப்பட்டது. மரபியலாளர்களுக்கு இது லாட்டரி விழுந்த மாதிரி.

ஈயின் குரோமோசோமில், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழையில், ஒரு துண்டு இரண்டு இடத்தில் முறிந்து, தலைகீழாகத் திரும்பி, மறுபடி ஒட்டிக்கொள்வதுண்டு. அப்படித் திரும்பிய துண்டின் மரபணுக்கள் நேரான துண்டின் மரபணுக்களோடு எளிதில் கலப்பதில்லை. ஒரே மூட்டையாக அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈயாக மாறுமுன் இருக்கும் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஊசிமுனையால் பிரித்தெடுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்க வேண்டும். அந்தச் செல்களில் குரோமோசோம் பிரியாமலே திரும்பத் திரும்ப நகலாகி ஒட்டிக் கிடப்பதால், நுண்ணோக்கியில் கரிய பட்டைகள் போட்ட தடித்த நாடாவாகத் தெரியும். தாய் வழியில் நேர்த்துண்டும் தந்தை வழியில் தலைகீழ்த்துண்டும் வந்திருந்தால், பட்டைக்குப் பட்டை பொருந்துவதற்காக நாடா அந்த இடத்தில் வளைந்து ஒரு சுருக்குப் போட்டுக்கொள்ளும். பார்க்க அழகாகவே இருக்கும்.

ஐரோப்பாவில் இந்தத் துண்டுகளை எண்ணியபோது, ஸ்பெயினின் தெற்கில் மிகுந்திருந்த சில வகைகள் டென்மார்க் பக்கம் போகப் போகக் குறைந்தன. இறக்கையும் வடக்கே போகப் போக நீண்டது. தட்பவெப்பம்தான் காரணம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால், முன்னொரு காலத்தில் பிரிந்திருந்த இரண்டு கூட்டங்கள் பிறகு சந்தித்துக் கலந்தாலும் இதே வரிசைதான் கிடைக்கும். ஒரு கண்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

வட, தென் அமெரிக்காவில் இறங்கியவையோ ஒரு சில ஈக்கள். பழைய வரிசை எதையும் அவை கொண்டுவரவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே துண்டுகள் வரிசை கட்டத் தொடங்கியதை பார்சலோனாவின் மரபியலாளர் அன்டோனியோ பிரெவோஸ்டியும் உடன் உழைத்தவர்களும் கண்டார்கள். வட அமெரிக்காவில் வடக்கு நோக்கி எந்தத் துண்டுகள் பெருகினவோ, சிலியில் அவை தெற்கு நோக்கிப் பெருகின. அங்கே குளிர் தெற்கில் அல்லவா இருக்கிறது!

இறக்கை அவ்வளவு அவசரப்படவில்லை. வட அமெரிக்காவில் பத்து ஆண்டுகள் கழித்து அளந்தபோது வித்தியாசமே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து உயிரியலாளர் ரேமண்ட் ஹ்யூயியும் சகாக்களும் அளந்தபோது, வடக்கத்திப் பெண் ஈக்களின் இறக்கை ஏறக்குறைய ஐரோப்பாவில் உள்ள அளவுக்கே நீண்டிருந்தது. குளிரில் வளரும் ஈ எப்படியும் பெரிதாகும் என்பதால், எல்லா ஊர் ஈக்களையும் ஒரே வெப்பநிலையில் சில தலைமுறைகள் வளர்த்த பிறகே அளந்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று: ஐரோப்பாவில் நீண்டது இறக்கையின் ஒரு பகுதி, வட அமெரிக்காவில் நீண்டது இன்னொரு பகுதி. மொத்த நீளம் மட்டும் ஒன்றாக வந்து நின்றது.

2006இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று கண்டங்களில் 26 இடங்களில் எடுத்த துண்டுகளின் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட்டார்கள். 22 இடங்கள் முன்னைவிட வெப்பமாகியிருந்தன. அவற்றில் 21இல் தென் ஐரோப்பாவைப் போன்ற வெப்பநாட்டுத் துண்டுகள் பெருகியிருந்தன. சராசரியாக, ஒவ்வோர் ஊரும் நிலநடுக்கோட்டை நோக்கி ஒரு பாகை அட்சரேகை, அதாவது சுமார் 110 கிலோமீட்டர், நகர்ந்துவிட்டதற்குச் சமமான மாற்றம் அது.